தூரத்து உறவுக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, மகள் மூவரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அதனால் அப்படியே ஆரம்பிக்கிறேன். மீதியைப் படித்துவிட்டு நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். உன் முதுகுவலி தேவலையா? உனக்கு முன்னால் இந்த உறையைப் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் பணிவான வணக்கம். ஐயா, என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். முப்பது வருடம் வீடு வீடாகப் போய், நின்ற வாக்கிலேயே தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்த கை. பொறுத்துக்கொள்ளவும்.

எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று யோசிப்பாய். உன்னை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று பார்க்கிறார்களாமே, அதற்கு நீ நம் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறாயாமே. கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஒரு தடவைகூட வந்து பார்க்காதபோது எப்படிக் கேட்பாய், அதுவும் சரிதான்.

முதலில் கப்பல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ உள்ளே போனபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா எங்கே என்று தினமும் நச்சரித்தாள். கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லிவைத்தேன். சொன்னதோடு விட்டாளா? சுவரில் உலகப் படம் ஒன்றை மாட்டி, சித்தப்பா இப்போது எந்தத் துறைமுகம் என்று கேட்டுக் கேட்டுக் குண்டூசி குத்த ஆரம்பித்துவிட்டாள். நானும் வாய்க்கு வந்த ஊரையெல்லாம் சொன்னேன். ஒரு தடவை கடலே இல்லாத நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டேன். குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆற்று வழியாகப் போயிருப்பான் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அப்பாடா என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அவள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம். இந்த வருடம் எட்டு வாரம் எங்காவது பயிற்சிக்குப் போயே தீர வேண்டுமாம். கூடப் படிப்பவர்கள் சிலர் நீதிமன்றத்துக்கு, சிலர் காவல் நிலையத்துக்கு, சிலர் பெரிய வக்கீல்களுக்குக் கோப்பு சுமக்கப் போனார்கள். இவளுக்கு நன்னடத்தை அலுவலகம் வாய்த்தது. கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாராவது சிறையில் இருக்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி. பெற்றோர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'இல்லை' என்று எழுதினேன். உன் அண்ணி பக்கத்தில்தான் இருந்தாள். "நல்லா யோசிச்சு எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு முறை இருக்கிறதாம். விடுதலைக்கு மனுப் போட்டவரின் வீட்டுக்குப் போய், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று விசாரிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த மாணவர்தான் கேள்வி கேட்க வேண்டும், அலுவலர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். மாணவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்றெல்லாம் அவருக்கு அக்கறை கிடையாது. மகளைப் 'பயிற்சி' என்றுதான் கூப்பிடுகிறார். போன திங்கட்கிழமை காலையில் அவளிடம் ஒரு கோப்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார், அதன் மேல் நம் வீட்டு முகவரி.

பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மகள். சாவியை மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள், "வணக்கம் சார். நன்னடத்தை அலுவலகத்துல இருந்து வரோம். நான் பயிற்சி மாணவி. பத்து நிமிஷம் பேசலாமா?" என்றாள். பின்னால் அலுவலர், கையில் பை. தம்பி, முப்பது வருடம் ஊரார் கதவைத் தட்டியவன் நான். நாய் இருக்கும் வீட்டுக்குள் போகப் பயந்துகொண்டு 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டுப் போவோம். அன்றைக்கு யாராவது நம் வீட்டையும் அப்படி எழுதிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

உட்கார வைத்தேன். அலுவலரின் தலைக்கு நேர் மேலே மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய புகைப்படம். எழுந்துபோய்க் காலண்டரைக் கழற்றி அதன்மேல் மாட்டினேன். தேதி பார்க்கிறேன் என்று நினைத்து அவர், "இன்னிக்குப் பதினாலு சார்" என்றார். உன் அண்ணி தண்ணீர் கொண்டுவந்தவள், மகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "நீங்களும் உட்காருங்கம்மா" என்றாள் மகள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவள் உட்கார்ந்ததே கிடையாது, அன்றைக்கு மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள்.

மகள் படிவத்தைப் பிரித்தாள். "இந்த நபர் உங்களுக்கு என்ன உறவு சார்?"

"தூரத்து உறவு."

"தூரத்து உறவுன்னு கட்டம் இல்லை சார். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், மனைவி, பிள்ளை, மற்றவர். இதுல எது?"

"மற்றவர்."

பேனா 'கூடப்பிறந்தவர்' கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. பிறகு குறி போட்டாள். "விடுதலையாகி வந்தா இந்த வீட்டுல தங்க இடம் கொடுப்பீங்களா?"

"இடமில்லை. முன் அறை முழுக்கப் புத்தகம்."

"யாரோட புத்தகம் சார்?"

"என் பொண்ணோடது. வக்கீலுக்குப் படிக்கிறா."

"நல்லது சார்" என்று அதையும் எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன். வாசலில் அலுவலர் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ரொம்ப நல்லா கேட்ட, பயிற்சி. கொஞ்சம்கூட உணர்ச்சிவசப்படலை."

சாயங்காலம் அதே கதவு வழியாக வந்தாள், செருப்பைக் கழற்றினாள், நேராக உலகப் படத்திடம் போய்க் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் நம் ஊர் இருக்கும் இடத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் குத்தி வைத்தாள். கப்பல் பொய் என்று பதினாலு வயதிலேயே தெரியுமாம். நான் சண்டை போட்டு உன்னை விரட்டிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். "கோப்பைப் பார்த்ததுமே அலுவலர்கிட்டச் சொல்லியிருக்கணும். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்கணும்னு இருந்தது. கேட்டுட்டேன்" என்றாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

மறுநாள் அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். சொந்தக்காரரின் கோப்பைத் தொடக் கூடாதாம். பயிற்சியை நிறுத்திவிட்டார்கள், அடுத்த வருடம் முதலிலிருந்து எட்டு வாரம். அவள் எழுதிய அறிக்கை செல்லாது. வெள்ளிக்கிழமை அலுவலரே திரும்பி வந்து என்னைக் கேட்கப் போகிறார். அன்றைக்கும் நான் மற்றவர் என்று சொன்னால் கோப்பை மூடிவிடுவார்கள், அடுத்து உன்னைப் பற்றிப் பேச இரண்டு வருடம் ஆகும்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். தம்பி, நீயே மனுவில் வேறு முகவரி கொடுத்துவிடு. ஆதரவற்றோர் விடுதி ஒன்று இருக்கிறதாம், சுத்தமாக வைத்திருக்கிறார்களாம். அப்படிச் செய்தால் நான் வெள்ளிக்கிழமை எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், மகளுக்கு நாளைக்கு ஒரு வேலை, கல்யாணம் என்று இருக்கிறது. இப்படி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். திரும்பப் படித்துப் பார்த்தேன், அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உண்மை இதுதான். அந்த வேன் ஓட்டும் வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அன்று காலையில், "ரெண்டு நாளா தூங்கலைண்ணே, இன்னிக்கு வேண்டாம்" என்று சொன்னாய். "முதலாளிகிட்ட உனக்காகப் பேசினவன் நான், என் மானத்தை வாங்காத, போயிட்டு வாடா" என்று சாவியை எடுத்து உன் கையில் திணித்தேன். உன் வேனில் அடிபட்டு அந்த சைக்கிள்காரர் செத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. தூக்கம் இல்லை என்று தெரிந்தே வண்டி எடுத்தாய் என்றுதான் உனக்கு இத்தனை வருடம் போட்டார்கள். எடுக்க வைத்தது யார் என்று நீதிமன்றத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஏன்டா சொல்லவில்லை? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்மேல் கோபப்பட்டாவது காலத்தை ஓட்டியிருப்பேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் வரவில்லை. அதனால்தான் இடமில்லை என்றேன். எனக்குத் தினமும் உன் நினைப்புதான்.

இதை எழுதிய பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை, ஆகவே வேறு முகவரி விஷயத்தை யோசி. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, குளிர்ந்த தரையில் படுக்காதே. அண்ணி உன்னை விசாரித்தாள். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: வேறு முகவரி கொடுக்காதே. அதை எழுதி என்ன, இந்தக் கடிதம் உன் கைக்கே வரப்போவதில்லை. உறையில் உன் கைதி எண்ணை எழுத வேண்டுமாம். எட்டு வருடத்தில் அதை நான் தெரிந்துகொள்ளவே இல்லை. மகள்தான் கோப்பைப் பார்த்தவள், அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிவரை படித்தாள். "முதல் வரியைப் பாருங்க" என்றாள். அன்புள்ள தம்பிக்கு என்று இருந்தது. "முழுக்கத் தம்பின்னுதான் எழுதியிருக்கீங்க, ஒரு இடத்துலகூட மற்றவர்னு இல்லை. இதைத் தபால்ல போடாதீங்க. வெள்ளிக்கிழமை அவர்கிட்ட நீங்களே கொடுங்க" என்றாள். கொடுத்தால் சாவி விஷயமும் கோப்பில் ஏறிவிடும். "அந்தப் பக்கத்தை எடுத்துடணுமா?" என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

எனவே வெள்ளிக்கிழமை வரும் அலுவலர் ஐயா அறிவது: இவன் என் கூடப்பிறந்தவன். முன் அறையிலிருந்து புத்தகங்களையெல்லாம் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். கட்டில் போட்டாயிற்று. "இங்க கையெழுத்துப் போடுங்கப்பா" என்று மகள் இடம் காட்டினாள். மூன்று நாள் கழித்து இன்றுதான் அப்பா என்கிறாள். போட்டுவிட்டேன்.

தம்பி, இதற்கு ஒரு நகல் எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ வந்து படித்துக்கொள். கோழி கிளறிய இடங்களை நானே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.