பாய் இறக்கிய ஊர்

"இதெல்லாம் ஒரு குளிரா ஹாஜியார்! மழை வந்தா வீட்டுக்குள்ளேயே கால்ல அட்டை ஏறி ரத்தம் குடிக்கும்," என்றார் முஸம்மில்.

மகனோடு கல்யாணம் பேசி முடிக்கப் பேருவளையிலிருந்து வந்திருந்த முஹம்மது ஹாஜியார், இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார். இரத்தோட்டைக் குளிர் சுகமாக இருக்கிறது என்று பாவம், ஒரு வார்த்தைதான் சொன்னார் மனிதர்.

முஸம்மிலையும் குறை சொல்ல முடியாது. காலையிலேயே மனைவி மஸூதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "அவங்க ஊர்ப் பெருமைக்காரங்க. அவங்க ஊரைத் தூக்கிப் பேசுங்க. நம்ம ஊரைப் பத்தி பெருமையடிச்சு நல்ல எடத்தைக் கெடுத்துறாதீங்க!"

நல்ல இடம்தான். மாப்பிள்ளை றினோஸ் வங்கி உத்தியோகத்தன், தங்கமான பையன். மகள் பஸ்லாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் இருப்பது ஒரே மகள். அவள் கடற்கரைப் பக்கம் போய்விட்டால், கடையிலிருந்து வந்ததும் "வாப்பா, டீ" என்று நீட்ட யார் இருக்கிறார்? அதற்காக மகளின் வாழ்க்கையைக் கெடுக்கலாமா? முஸம்மில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, யூடியூபில் பேருவளைச் சரித்திரம் முழுவதையும் பார்த்துத் தயாராகிவிட்டார்.

"உங்க ஊர் சும்மா ஊரா? அரபு வியாபாரிங்க கப்பல்ல வந்து பாயை இறக்கின எடமாம். சிங்களத்துல பாய் இறக்கினதைச் சொல்லித்தான் பேருவளைன்னு பேரே வந்திச்சாமே!"

"அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்று பூரித்தார் ஹாஜியார். "ஆனாலும் உங்க மிளகுத் தோட்டம் மாஷா அல்லாஹ்..."

"அது குரங்குக்கு ஹாஜியார். மிஞ்சினாத்தான் எங்களுக்கு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த றினோஸின் முகம் வாடியது. புகழ்ந்தது போதவில்லையாக்கும் என்று முஸம்மில் இன்னும் ஒரு படி ஏறினார்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தியே பள்ளிவாசல் கட்டின ஊருன்னு சொல்றாங்க. இப்ப வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வந்து உங்க கடலைப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறான். குடுத்து வச்ச மண்ணு!"

"மாமா, இந்தப் பக்கம் ஒரு வீடு..." என்று றினோஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"வீடா! பெரிய மழை வந்தா மண்சரிவு தம்பி. மனுசன் இருக்கிற எடமா இது?"

சமையலறைக் கதவோரம் நின்ற மஸூதாவே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஹாஜியார் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"சரி முஸம்மில் நானா," என்றார் ஹாஜியார். "நாங்க வேற மாதிரி நெனச்சுத்தான் வந்தோம். உங்களுக்கே இந்த ஊர் பிடிக்கலன்னா நாங்க என்ன சொல்றது? புள்ளய பேருவளைக்கே கூட்டிட்டுப் போறோம்."

"ரொம்பச் சந்தோசம்," என்றார் முஸம்மில். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. உள்ளே பஸ்லா விம்முவது கூடம் வரை கேட்டது.

அந்த நேரம் பார்த்து, அதுவரை வாசலில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வேன் சாரதி அக்ரம் உள்ளே தலையை நீட்டினான்.

"ஹாஜியார், மாப்பிள சாமானெல்லாம் வேன்லயே கெடக்குது."

"என்ன சாமான்?" என்றார் முஸம்மில்.

"என்ன நானா," என்றான் அக்ரம். "எங்க ஊர்ச் சரித்திரம் இவ்வளவு சொன்னீங்க, இது தெரியாதா? கப்பல்ல வந்தவங்க பாயை இறக்கிட்டு, பொண்ணு வீட்டோடயே தங்கிட்டாங்க. அன்னையில இருந்து எங்க ஊர்ல மாப்பிளதான் பொண்ணு வீட்டுக்குப் போறது. றினோஸ் தம்பி இங்க பக்கத்துல மாத்தளை பேங்குக்கு இடமாற்றம்கூட எடுத்துட்டார். இப்ப சொல்லுங்க, பெட்டிய இறக்கவா, வேணாமா?"