குழுவின் பரிசீலனையில் லோர்னாவின் என்ஜின்

மனிதகுலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே மிகவும் பொறுப்பான முடிவு மினசோட்டாவில், எங்கள் ஊரில்தான் எடுக்கப்பட்டது. மூஸ்ஹார்ன் ஏரி அதிவேகப் படகுச் சங்கத்தின் செயலாளர் ஆர்லன் பியர்க்கியாகிய நான் இதைப் பணிவோடு அறிவித்துக்கொள்கிறேன். என்ன முடிவு என்று கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அதை எடுக்கப் பதினொரு மாதம் ஆயிற்று என்பதுதான் விஷயம்.

போன மே மாதம், ஏரியில் பனி உருகிய வாரம், லோர்னா ஸ்கோக்ஸ்டாட் கூட்டத்துக்கு வந்தார். எங்கள் பெண் உறுப்பினர் அவர் ஒருவர்தான். அதற்கு முந்தைய வேகச் சோதனையில் அவர் படகு மணிக்குத் தொண்ணூற்றெட்டு மைல் ஓடியது. நூறைத் தாண்டியவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் சங்கச் சுவரில் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் ஆண்களுடையவை. பன்னிரண்டாவதற்கு வேண்டிய இரண்டு ஆணிகளை லோர்னாவே கொண்டுவந்து அடித்துவைத்திருந்தார்.

அவருக்கு இருந்த வாய்ப்புகளும் இரண்டுதான்: ஆகஸ்டில் ஒரு சோதனை, அடுத்த மே மாதத்தில் இன்னொன்று. அதற்கடுத்த ஜூனில் அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. அறுபத்தைந்து முடிந்தவர்கள் பந்தயப் படகு ஓட்டக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியை ஒரு காபி இடைவேளையில் ஏழு நிமிடத்தில் நிறைவேற்றினோம்.

"என் கார்புரேட்டர் ஓஞ்சு போச்சுப்பா," என்றார் லோர்னா. "புதுசா கார்புரேட்டரே போடட்டுமா, இன்ஜெக்ஷனுக்கு மாறட்டுமா? உங்க அனுமதி இல்லாம மாத்துனா என் வேகத்தை எழுத மாட்டீங்க. சீக்கிரம் சொல்லுங்க."

அதிவேகப் படகுச் சங்கத்தின் குறிப்பேட்டில் 'சீக்கிரம்' என்ற சொல் இடம்பெற்றது அதுவே முதல் முறை. உடனே எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்தோம். லோர்னாவைச் சேர்க்கவில்லை. படகு அவருடையது என்பதால் அவர் 'நடுநிலை' தவறக்கூடும். படகும் 'ஆய்வுப் பொருள்' என்ற தகுதி பெற்றுச் சங்கக் கொட்டகைக்குள் போனது. சாவி என் கழுத்துக்கு வந்தது. அமர்வு அட்டவணையை மாட்ட இடம் தேடினோம். லோர்னாவின் ஆணிகள் உதவின.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பதுதான் இரண்டுக்கும் வேலை. கார்புரேட்டர் திருப்புளிக்குக் கட்டுப்படும். இன்ஜெக்ஷன் மடிக்கணினிக்குக் கட்டுப்படும். எங்கள் தலைவர் வெர்னர் ஹாகன் திருப்புளிக் கட்சி. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் அதைத்தான் செருகியிருப்பார்.

"புகையை மோந்து பாத்தே சொல்லிடுவேன், பெட்ரோல் கூடவா கம்மியான்னு," என்றார் வெர்னர்.

"உனக்கு ஜலதோஷம் பிடிச்சா படகு நடு ஏரியில நிக்குமா?" என்றார் டுவேன் டோலெஃப்சன். மடிக்கணினிக் கட்சி.

"உன் கம்ப்யூட்டர் ஒரு வாய் தண்ணி குடிச்சா நீந்தித்தான் வரணும்!"

"போன வருஷம் நீந்தி வந்தது யாருப்பா?"

"அது பெட்ரோல் தீந்து போச்சுடா! அதுக்குக் கார்புரேட்டர் என்ன பண்ணும்?"

இந்த உயர்ந்த தரத்திலேயே விவாதம் கோடை முழுவதும் நடந்தது. ஜூனில் 'முகர்வு உபகுழு' எட்டுப் படகுகளின் புகையை முகர்ந்தது. அறிக்கை வருவதற்குள் இருவருக்குத் தலைசுற்றல் வந்தது. ஜூலையில் 'ஒலி உபகுழு' கண்ணை மூடிக்கொண்டு கேட்டது, ஒருவர் தூங்கிவிட்டார். அவர் வாக்கை நடுநிலை என்று பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் சோதனை வந்தது. "பழைய கார்புரேட்டரோடவே ஒரு தடவை ஓட்டிக்கிறேனே," என்று லோர்னா கேட்டார்.

"ஆய்வு நடுவுல பொருளைக் கலைக்கலாமாம்மா?" என்றார் வெர்னர்.

ஆனாலும் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. கொடி அசைக்கும் கௌரவத்தை அவருக்கே வழங்கினோம். எங்கள் எட்டுப் படகுகளுக்கும் அசைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குறிப்பேட்டில் அதற்கென்று பத்தி இல்லாததால் எழுதவில்லை.

செப்டம்பரில் செயல்விளக்கம். படகை வண்டியில் வைத்தபடியே, சூடேறாமலிருக்கத் தோட்டக் குழாயை என்ஜினில் மாட்டித் தண்ணீர் விட்டு, தேவாலயத்துக்கு எதிரே இரண்டு மணி நேரம் அதை முறுக்கி ஓட்டினோம். பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு குழாயைக் கழற்றி, கொட்டகையைப் பூட்டிவிட்டு, மீன் வறுவல் சாப்பிடப் போனோம்.

அக்டோபர் கடைசியில் லோர்னா என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஆர்லன், சாவியைக் குடு. என்ஜினுக்குள்ள நீங்க விட்ட தண்ணி அப்படியே நிக்குது. வடிக்கணும். பத்து நிமிஷ வேலை."

"தீர்மானம் இல்லாம தர முடியாதே. அடுத்த அமர்வு நவம்பர் பதினாலு."

"தண்ணி உறைஞ்சா இரும்பு பிளந்துடும். உனக்குத் தெரியாதா? பனி உன் அமர்வுக்காகக் காத்திருக்குமா?"

"எழுத்துமூலமா குடுங்க லோர்னா. முன்னுரிமை குடுக்கிறேன்."

கையில் இருந்த காகிதக் கைக்குட்டையில் எழுதிக் கொடுத்தார். மனு எண் நாற்பத்தொன்று. நவம்பர் மூன்றாம் தேதி ஏரி உறைந்தது. பதினான்காம் தேதி மனுவை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்து, குளிர் பற்றிக் கருத்து கேட்டு ஓர் உபகுழுவுக்கு அனுப்பினோம்.

ஏப்ரலில் முடிவு வந்தது. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் நிறைவேறிய அந்தத் தீர்மானத்தை நான் எழுந்து நின்று வாசித்தேன்: "கார்புரேட்டரும் நல்லதே. இன்ஜெக்ஷனும் நல்லதே. உறுப்பினர் தம் விருப்பப்படி செய்துகொள்ளலாம்."

லோர்னா கைதட்டவில்லை. புதுக் கார்புரேட்டரை அட்டைப் பெட்டியோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். குழு பின்னால் போனது. நான் பூட்டைத் திறந்தேன். அவர் மூடியைத் தூக்கினார். என்ஜினின் விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அதிலிருந்து துரு வழிந்து காய்ந்திருந்தது.

"இனிமே மேல எதை வச்சாலும் ஒண்ணுதான்," என்றார் டுவேன்.

"ஆமாப்பா, சரியாச் சொன்னே," என்றார் வெர்னர். இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன அந்தத் தருணத்தில் எனக்குக் கண் கலங்கியது. வேறு என்ஜின் வர ஆகஸ்ட் ஆகும் என்றார்கள். ஜூன் அதற்கு முன்பே வந்துவிடும்.

லோர்னா விரிசலின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு முறை ஓட்டினார். பெட்டியைத் தரையில் வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் கேட்டார்:

"உங்க எட்டு பேர் என்ஜின்லயும் தண்ணிய எப்ப வடிச்சீங்க?"

"அக்டோபர் முதல் வாரமே வடிச்சாச்சே!" என்றோம்.

விவாதம் இல்லை, உபகுழு இல்லை, வாக்கெடுப்பு இல்லை. எட்டுப் பேரும் ஒருமனதாகச் சொன்ன பதில் சங்க வரலாற்றில் அது ஒன்றுதான். குறிப்பேட்டில் அப்படியே ஏற்றியிருக்கிறேன். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.