செண்பகத்தோப்பில் மூன்று நாள் விருந்தாளி

விடுமுறைக் கிராமத்துக்குக் குடும்பத்தோடு போவது கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் சிரித்தால் பிள்ளைகளும் சிரிப்பார்கள். அதனால் இதுவரை ஒருவருக்கும் நான் முழுப் பதில் சொன்னதில்லை. எழுதினால் நடுவில் யாரும் சிரித்துக் கெடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நடந்ததில் பாதிக்குக் காரணம் என் வாய். எனக்குப் பெருமை பேசாமல் இருக்க வராது. புதுச் சேலை எடுத்தால் கடைக்காரர் பை மடிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் குடியிருந்தோம். அவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். ஷிப்ட் மாறினால் அவர் தூங்கும் நேரம் மாறும், சாப்பிடும் நேரம் மாறும், அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஆள் மட்டும் மாறாது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு லீவு கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்கு மிளகு ரசம் வைத்ததும் நான்தான். (அவர் பக்கத்தில் நின்று "மொளகு கொஞ்சம் தூக்கலாப் போடு, அப்பத்தான் கேக்கும்" என்று வைத்தியம் சொன்னார். அதை மறைக்கக் கூடாது.)

அந்த வருஷம் எனக்குச் சீட்டு விழுந்தது. கிரைண்டர் வாங்குவதற்கென்றே போட்ட சீட்டு. பணம் கைக்கு வந்த வாரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில், மலையடிவாரத்தில் 'குடும்ப விடுமுறைக் கிராமம்' திறந்திருக்கிறார்களாம். ஓலைக் குடில், மாட்டுவண்டிச் சவாரி, கிணற்றுக் குளியல், மாந்தோப்பில் ஊஞ்சல். கடைசி வரியில் 'மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்தில் அடங்கும்' என்று போட்டிருந்தது. ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் அந்தக் கடைசி வரியைப் பத்து முறையாவது படித்திருப்பேன்.

வீட்டில் சொன்னதும் அவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நாம பாக்காத மாட்டுவண்டியா? வத்திராயிருப்புல எங்க சித்தப்பா தோப்புக்குப் போனா கெணறும் இருக்கு, மாடும் இருக்கு. கெணத்துல குளிக்கதுக்குக் காசு குடுக்கவா?"

"உங்க சித்தப்பா தோப்புக்குப் போனா சோறு பொங்குறது யாரு?"

அவர் மலைப்பக்கம் பார்த்தார்.

"கிரைண்டர் வாங்குனா அதுக்கு முன்னாலயும் நான்தான உக்காரணும்? எனக்கு மூணு நாளு. மூணே நாளு நான் விருந்தாளியா இருக்கணும். கரண்டியத் தொட மாட்டேன்."

சீட்டுப் பணம் என்னுடையது என்பதால் அவரால் மேற்கொண்டு பேச முடியவில்லை. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக முடிவானது.

அடுத்தது என் வாய். எங்கள் பக்கம் வெளியூர் போகிறவர்கள் சொல்லாமல் போனால் சொந்தத்துக்குள் பெரிய மனத்தாங்கல் ஆகிவிடும். சொல்லும்போது "நீங்களும் வாங்களேன்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் "இருக்கட்டும், நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்பார்கள். அதோடு விஷயம் முடிந்தது. அந்த "வாங்களேன்" உண்மையில் கூப்பிடுவது இல்லை என்பது கூப்பிடுகிறவருக்கும் தெரியும், கூப்பிடப்படுகிறவருக்கும் தெரியும். தெருவில் ஏழெட்டு வீட்டில் சொன்னேன். எல்லோரும் ஒழுங்காக "இருக்கட்டும்" என்றார்கள்.

நான் அதோடு நின்றிருக்கலாம். என் வீட்டுக்காரரின் அக்கா சேத்தூரில் இருந்தார். அந்த மதினியிடம் பெருமை பேசுவதற்காகவே பஸ் ஏறிப் போனேன்.

"சாப்பாடெல்லாம் அவியளே போட்டுருவாக, மதினி. நாம சும்மா உக்காந்தாப் போதும். நீங்களும் வாங்களேன்" என்றேன்.

மதினி முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?" என்றார்.

சும்மாக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவளை இன்று நேரில் பார்த்தால் தலையில் ஒரு குட்டு வைப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகள், ஒரு சூட்கேஸோடு போய் இறங்கினோம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய மேனேஜர் ஓடிவந்து எங்களுக்கு இளநீர் கொடுத்தார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தேன். அந்த மூன்று நாளில் நான் விருந்தாளியாக இருந்த நேரம் அந்த இளநீர் முடியும்வரைதான்.

"மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். கேட்பதிலேயே ஒரு சுகம் இருந்தது.

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். "வைகாசி முகூர்த்தம் பாருங்க மேடம். நம்ம சமையக்காரர் ஒரு கல்யாண வேலைக்குப் போயிட்டாரு. ரெண்டு நாள்ல வந்துருவாரு."

"அதுவரைக்கும்?"

"அதுக்குத்தான் மேடம், கிராமியச் சமையல் அனுபவம்னு வச்சிருக்கோம். வெறகடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், மண்சட்டி எல்லாம் இருக்கு. அரிசி பருப்பு நாங்க குடுப்போம். விருந்தாளிகளே பொங்கிச் சாப்பிடலாம். மெட்ராஸ்காரங்க ரொம்ப ஆசப்படுதாங்க."

கிரைண்டர் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்து ஆட்டுக்கல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"பணத்தத் திருப்பிக் கேப்பமா?" என்றார் இவர் மெதுவாக.

கேட்டிருக்க வேண்டும். ஆனால் காலையில் தெருவே வாசலில் நின்று வழியனுப்பியிருந்தது. மத்தியானமே அதே சூட்கேஸோடு எந்த முகத்தோடு திரும்பிப் போவது? ஒரு வேளைதானே என்று கட்டியிருந்த பட்டுக்கரைச் சேலையை மாற்றிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மா பச்சை விறகை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வெறும் பிரட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா கும்பிடாத குறையாக, "அப்பாடா, வந்துட்டீங்களா" என்றார். மெட்ராஸ்காரர்கள் முன்பின் தெரியாதவர்களிடம்கூட எவ்வளவு பிரியமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பசித்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. விறகைத் தப்பாக அடுக்கியிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டும் நிற்க முடியாது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துச் சாம்பார் வைத்தேன். சாயங்காலம் மறுநாளைக்கு மாவு ஆட்டினேன்.

சனிக்கிழமை இட்லி, தேங்காய்ச் சட்னி. மெட்ராஸ் அம்மா, "இன்னும் ரெண்டு கிடைக்குமாம்மா?" என்று தட்டை நீட்டினார். வைத்தேன். மத்தியானம் புதிதாக இன்னொரு குடும்பம் வந்து சேர்ந்தது. மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் இன்னும் நாலு படி அரிசியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். நானும் ஒரு வார்த்தை கேட்காமல் களைந்து போட்டேன். ஒன்பது வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்குப் போகிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

இவரோ, நைட் ஷிப்ட் தூக்கத்தையெல்லாம் சேர்த்து அங்கேயே தீர்த்துவிடுவதென்று கேட்டுக்குப் பக்கத்தில் மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு லுங்கியோடு படுத்திருந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து வந்தார். "நல்லா இருக்குல்லா இந்த எடம்? நெசமாவே ஓய்வா இருக்கு" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் சோற்றை அள்ளிக்கொண்டு கட்டிலுக்கே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. மதினி இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர், பிள்ளைகள், கொழுந்தன் குடும்பம் என்று பதினொரு பேர். மதினி கையில் இரண்டு கோழிகள், உயிரோடு.

"ஏட்டி காந்திமதி, ஓட்டல் சோறு புள்ளைகளுக்கு ஒத்துக்கிடாதுன்னு கோழி கொண்டாந்துட்டேன். அடுப்பு இருக்குல்லா?" என்றவர், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "என்ன, நீயே பொங்குத? அவியளே போட்டுருவாகன்னு சொன்னியே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எனக்குப் பொழுது போகல, மதினி" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று மதினி மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். "எனக்குச் செத்த நேரம் சும்மா உக்காரணும்போல இருந்துச்சு. நல்லவேள கூப்பிட்ட."

கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது மெட்ராஸ் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. அந்த அம்மா நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு இருபது ரூபாய் நோட்டை வைத்து மூடினார்.

"வச்சுக்கோங்கம்மா. மூணு நாளும் எங்களை நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. இவ்வளவு நல்லா சமைக்கிறீங்க, இங்க என்ன சம்பளம் தராங்க?" என்றார். பிறகு கட்டில் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அந்த வாட்ச்மேன் உங்க வீட்டுக்காரரா? எப்பவும் தூங்கிட்டே இருக்காரே, வேலையை விட்டு எடுத்துரப் போறாங்க" என்றார்.

மரத்தடியில் மதினி காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். இவரும் எழுந்து வந்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. மேனேஜர் ஓடிவந்தார், அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லித் திருத்துவார் என்று பார்த்தால், என்னிடம் குனிந்து, "மேடம், அந்தச் சமையக்காரர் இனி வர மாட்டாரு போல. நீங்க வாராவாரம் சனி ஞாயிறு மட்டும் வந்து போனீகன்னா..." என்று இழுத்தார்.

"எம்புட்டு குடுப்பீக?" என்றார் என் வீட்டுக்காரர்.

(வேடிக்கைக்குக் கேட்டதாக இன்றுவரை சொல்கிறார். நான் இன்றுவரை நம்பவில்லை.)

"நான் ஒண்ணும் இங்க வேலைக்கு வரல" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "துட்டு கட்டி வந்திருக்கிற விருந்தாளி. உங்க ரிஜிஸ்டர எடுத்து இந்தம்மாகிட்டக் காட்டுங்க. அதுல என் பேரு இருக்கும்."

மேனேஜர் நீள நோட்டைக் கொண்டுவந்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தை விரித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். 'சங்கரலிங்கம், ராஜபாளையம். பேமிலி. நபர் 4' என்று இருந்தது.

மெட்ராஸ் அம்மா உண்மையான அக்கறையோடு மேலும் கீழும் விரலை ஓட்டித் தேடிவிட்டு, "இதுல உங்க பேர் எதும்மா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் புகையில் வராத அழுகை. சீட்டுக் கட்டியது நான், நோட்டீஸ் வாங்கியது நான், ஊரெல்லாம் சொன்னது நான். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன். என் வீட்டுக்காரர் நோட்டில் இருந்த தன் பெயரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கரண்டியைக் கீழே வைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்தேன். மேனேஜர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, என் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே இருந்த இடுக்கில் 'காந்திமதி, விருந்தாளி' என்று எழுதினேன். நேராக மரத்தடிக்குப் போய், "செத்தத் தள்ளுங்க, மதினி" என்று உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, குழம்பு அடுப்புல இருக்கு. எறக்கணும்னா எறக்குங்க. இல்லாட்டிக் கருகட்டும்."

மெட்ராஸ் அம்மா இருபது ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். குழம்பை இறக்குவதற்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் இவர் துண்டை வைத்துச் சட்டியைத் தூக்கினார். துண்டு சுட்டதும் போட்டுவிட்டார். மண்சட்டி. இரண்டு கோழியும் சாம்பலோடு போய்ச் சேர்ந்தன.

அன்று மத்தியானம் எல்லோரும் சோற்றில் மோரை ஊற்றி, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள். சேத்தூர்ப் பிள்ளைகள் கோழி, கோழி என்று அழுதன. மதினிக்கு என் மேல் கோபம்தான். ஆனாலும் ஒரு தட்டில் மோர்ச்சோறு பிசைந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே கொண்டுவந்து, "இந்தா, தின்னு" என்று கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு ஒருவர் தட்டு கொண்டுவந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. உப்பே இல்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கட்டிய காசில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தட்டுதான். தகுமா தகாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு எந்த லாட்ஜுக்குப் போனாலும், எந்த ஊரில் தங்கினாலும், முதலில் ரிஜிஸ்டரை வாங்கி என் பெயரை நானே தனி வரியில் எழுதுவேன். பிள்ளைகள் சின்ன வயதில் கூச்சப்பட்டார்கள், இப்போது கேலி செய்கிறார்கள். "அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. இனி யாரும் அவகிட்டத் தண்ணிகூடக் கேக்கக் கூடாது" என்பான் மகன்.

போன சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தோம். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர். கவுன்டரில் இருந்தவர், "ஒரு ரூமுக்கு ஒரு பேருதாம்மா ஏறும். சார் பேரு போட்டாச்சு" என்றார். நான் நகரவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெட்டிகளோடு நின்ற என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, "தம்பி, சார் பேர அழிச்சுட்டு இவ பேரப் போட்டுருங்க. நான் பேமிலின்னு வந்துக்கிடுதேன்" என்றார்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன்.