பேசும் சுவருக்கு மூச்சு முட்டியது

மாப்பிள்ளை எழுந்தான். பல் தேய்த்தான். குளிர்பெட்டியிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான், மூலையைக் கத்தரித்தான், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான், பாத்திரத்தில் ஊற்றினான். பொங்கும்வரை அடுப்பின் முன் நின்றான். அத்தையின் மாத்திரைகளைச் சின்னத் தட்டில் எடுத்து வைத்தான். ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ், ஒன்று பாதியாக உடைத்த மஞ்சள். கட்டிலில் ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தான். மறுபக்கம் கலைவதில்லை.

அவனை 'டேய்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் போய்விட்டாள். மிச்சமிருப்பவர் அவளுடைய அம்மா. அவருக்கு அவன் இன்றைக்கும் மாப்பிள்ளைதான். பெண் போன பிறகும் பறிபோகாத ஒரே பதவி அது. துக்கத்துக்கு வந்த அத்தை அப்படியே தங்கிவிட்டார். "எப்போது ஊருக்கு?" என்று அவனும் கேட்கவில்லை. "போகட்டுமா?" என்று அவரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. செத்தவர் உண்மையிலேயே செத்தாரா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்டவனிடம் வந்து 'செத்தவர்கள் பேசுகிறார்கள்' என்று சொன்னால் என்ன ஆவது? அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆனால் பேசினார்கள். ஊரே சொன்னது.

மலைமேல் ஒரு பாழடைந்த கோட்டை. கூரை விழுந்து தலைமுறைகள் ஆயிற்று. அகழியில் முதலைக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்தன. கட்டிய காலத்தில் எந்த எதிரியையும் தடுக்காத கோட்டை, இப்போது டிக்கெட் இல்லாதவனைத் தடுத்து நிறுத்தியது. அதுவரை அங்கே காதலர்களும் ஆடுகளும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒருநாள் அரசவை மண்டபத்துச் சுவர் வாய் திறந்தது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பேருந்தாக ஜனம் ஏறியது. காலையில் புறப்பாடு, மதியம் சாப்பாடு, மூன்று மணிக்குச் செத்தவர்களோடு சந்திப்பு, மாலையில் வீடு. சுற்றுலா என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சுவருக்கும் ஜனத்துக்கும் நடுவே ஒருவர் இருந்தார். பெயர் அக்கரையார். முன்பு அதே கோட்டையில் ஒலி-ஒளிக் காட்சிக்கு மைக் பிடித்தவர். காட்சி நின்றது; மைக் நிற்கவில்லை. இறந்தவர்கள் அந்தக் கரையில் நிற்கிறார்களாம், இவர் இரண்டு கரைக்கும் சொந்தக்காரராம். வெளியே போகும் வழியில் 'கோட்டைக் கல்' விற்றார். நெஞ்சோடு கட்டிக்கொண்டால் நோய் அண்டாது, மாதம் ஒருமுறை மட்டும் புதுக்கல் மாற்ற வேண்டும். இத்தனை கல் விற்றும் கோட்டை ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. கீழே சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லிதான் வாராவாரம் குறைந்தது.

அத்தை போன மாதமே எதிர்வீட்டு டீச்சரோடு போய்விட்டு வந்திருந்தார். சுவர், "அம்மா, குட்டி பேசறேன்" என்றதாம். குட்டி என்பது பெண்ணின் செல்லப் பெயர். அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு குட்டி சொன்னாளாம்: "கத்தி வெக்க விடாதேம்மா. கத்தி வெச்சா பொழைக்க மாட்டே. கல்லைக் கட்டிக்கோ."

அத்தையின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. டாக்டர் தேதி குறித்திருந்தார். தள்ளிப்போட்டால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். அத்தை கல்லைக் கட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரிப் பையைப் பரண்மேல் போட்டார்.

மாப்பிள்ளை கெஞ்சவில்லை. அவனுக்குக் கெஞ்ச வராது. "ஆபரேஷன் பண்ணிக்கங்க அத்தை" என்று தினமும் ஒருமுறை சொன்னான். கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னார்.

"இன்னொரு தடவை போய்க் குட்டியையே கேட்டுடலாம் மாப்பிள்ளை. நீங்களும் வாங்க. அவ சரின்னா நாளைக்கே ஆஸ்பத்திரி. வேணாம்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

"சரி" என்றான் மாப்பிள்ளை. ஒரு மனுஷியின் வால்வை ஒரு சுவரின் வாய்க்கு ஒப்படைத்துவிட்டு இருவரும் பேருந்தில் ஏறினார்கள்.

பேருந்தில் குளிர் அடித்தது. அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டார். நடைபாதைக்கு அந்தப் பக்க இருக்கையில் ஓர் அம்மாள், கையில் கைக்குட்டை, மடியில் பிளாஸ்க், வண்டி கிளம்புமுன்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பாவம் மாப்பிள்ளை அவங்க" என்று அத்தை காதோடு சொன்னார். "போன தடவையும் வந்திருந்தாங்க. வாராவாரம் வர்றாங்களாம். புருஷன்மேல அவ்வளவு பாசம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் மனசுவிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. குட்டியைப் பத்தி, என் நெஞ்சு வலி பத்தி, கத்தின்னா எனக்குப் பயம்னு, எல்லாமே. நல்லா கேட்டுக்கிட்டாங்க."

சொல்லிவிட்டு அத்தை தூங்கிப்போனார். மாப்பிள்ளை மூக்குறிஞ்சி அம்மாளைப் பார்த்தான். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார்போல் இந்தப் பக்கம் சாய்ந்தார்.

"தம்பிக்கு யாரு?"

"மனைவி."

"அய்யோ! இந்த வயசுலயா? கொட்டிடுங்க தம்பி. உள்ளயே வெச்சா புண்ணாயிடும்."

எத்தனையோ பேர் இதையே சொல்லியிருந்தார்கள். ஒருவரிடமும் அவன் வாய் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்தான்.

"அவ ஒரு பூனை வளர்த்தா. கறுப்புப் பூனை. அதுமேல உயிரு. மடியிலேயே தூங்கும். அவ போனப்புறம் எனக்கு அதைப் பார்க்கவே முடியல. கொண்டுபோய் வெளிய விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."

"த்சு த்சு த்சு" என்றார் அம்மாள். கண்ணீர் வழிந்தது. காது மட்டும் காய்ந்து, தயாராக இருந்தது.

கோட்டை வந்தது. படம் எடுத்தார்கள். பீரங்கிமேல் ஏறி ஒரு படம், இறங்கி ஒரு படம். மண்டப வாசலில் ஒரு பழைய தகவல் பலகை இருந்தது. பாதியை அக்கரையாரின் பேனர் மறைத்திருந்தது. மீதியில் பைகளை மாட்டியிருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள்தான். அதனால் யாரும் படிக்கவில்லை. மாப்பிள்ளை பைகளை ஒதுக்கிவிட்டுப் படித்தான். மந்திரிகள் பேசுவதை மேலறையிலிருந்து ஒட்டுக்கேட்க அந்தக் கோட்டை ராஜா சுவருக்குள் கல்குழாய் வைத்துக் கட்டினானாம். சுவருக்குக் காது உண்டு என்பது வெறும் பழமொழியல்ல, ராஜாவின் சொந்தச் செலவு. கீழே பேசினால் மேலே கேட்கும் என்றால் மேலே பேசினால் கீழே கேட்காதா? அதற்குத் தனியாக ஒரு பலகை வைக்க வேண்டுமா?

திரும்பிப் பார்த்தான். மூக்குறிஞ்சி அம்மாளைக் காணோம். "பாத்ரூம் போயிருப்பாங்க" என்றார் அத்தை.

மண்டபத்தில் இருட்டு. வாய் உயரத்தில் சுவரில் ஒரு துளை. சுற்றிலும் சிவப்புத் துணி, குட்டிக் குட்டி பல்புகள். வெள்ளை அங்கியில் அக்கரையார் நின்றார். ஒவ்வொருவரையும் துளையருகே நிறுத்தி மைக்கில் முழங்கினார்: "அடுத்து, சால்வை போட்ட அம்மா! கூடவே கண்ணாடி போட்ட மருமகன்!" எதிரே நிற்பவர்கள் அக்கரையாரின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆவிகளுக்குத்தான் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

சுவர் கிசுகிசுத்தது. கிசுகிசுவுக்கு ஆண் பெண் கிடையாது. கல்லுக்குள் புகுந்து வந்தால் எந்தக் குரலும் நாம் இழந்த குரல் மாதிரிதான் இருக்கும்.

"அம்மா... குட்டி வந்திருக்கேன்..."

அத்தையின் கை நெஞ்சுக் கல்லைப் பிடித்தது. "குட்டி, ஆபரேஷன் பண்ணிக்கட்டுமாடி?"

"வேணாம்மா... கத்தி வேணாம்... ஏங்க, நீங்களும் வந்திருக்கீங்களா? என் கறுப்புப் பூனை எங்கேங்க? மடியிலேயே தூங்குமே... அதைப் போய் வெளிய விட்டுட்டீங்களே..."

கூட்டம் "அய்யோ" என்றது. எல்லோரும் மாப்பிள்ளையை ஒரு கொலைகாரனைப்போலப் பார்த்தார்கள். அத்தை மட்டும் முகம் சுளித்தார்.

"பூனையா? எந்தப் பூனை?"

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"பூனை முடி பட்டாலே அவளுக்கு மூஞ்சி வீங்கிடுமே. சின்ன வயசுல ஒருதடவை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஏன் மாப்பிள்ளை, நீங்க எப்ப பூனை வளர்த்தீங்க?"

"வளர்க்கல அத்தை. பஸ்ல அந்தம்மாகிட்ட நானா சொன்ன பொய். வேற யார்கிட்டயும் சொல்லல."

கூட்டம் துளையைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் நம்பிக்கை என்பது அவ்வளவு சுலபமாகச் சாகிற ஜந்துவா? கோட்டுப் போட்ட பேராசிரியர் ஒருவர் முன்னால் வந்தார். "இதெல்லாம் அதிர்வலைகள். உங்க மனசுல இருந்த பொய்யை ஆன்மா படிச்சிருக்கு. விஞ்ஞானம் இன்னும் இந்த இடத்துக்கு வரல" என்றார். விஞ்ஞானம் வரவில்லை, பேராசிரியர் முன்கூட்டியே வந்துவிட்டார். அக்கரையார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்: "அந்தக் கரையில எந்த வியாதியும் கிடையாது. அங்க எல்லாருக்கும் பூனை பிடிக்கும்!"

அத்தைகூடத் தயங்கினார். "அப்படியும் இருக்குமோ மாப்பிள்ளை? செத்தப்புறம் தும்மல் வராதோ என்னமோ..."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். கோபம் வரவில்லை. அந்தக் கிசுகிசு நிஜமாக இருந்தால் தேவலை என்று அவனுக்கும் ஒரு விநாடி தோன்றியிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"சால்வையைக் குடுங்க அத்தை."

வாங்கினான். சுருட்டினான். துளைக்குள் திணித்து முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினான்.

"இப்பப் பேசச் சொல்லுங்க" என்றான்.

சுவர் பேசவில்லை. உள்ளே எங்கோ 'ம்ம்... ம்ம்ம்' என்று ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. காலத்தைக் கடந்து, மரணத்தைக் கடந்து, கரையைக் கடந்து வந்த ஆவி ஒரு கம்பளிச் சால்வையைக் கடக்க முடியாமல் நின்றது.

அக்கரையார் பதறிப்போனார். "எடுய்யா! எடு அதை! ஆவிக்கு மூச்சு முட்டும்!"

அத்தை மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"மூச்சு முட்டுதும்மா! உங்க பொண்ணுக்கு மூச்சு முட்டுது!"

"என் பொண்ணுக்கு மூச்சு நின்னு ஒன்பது மாசம் ஆச்சு" என்றார் அத்தை. "மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்த்தவ நான். இன்னும் எந்த மூச்சுய்யா முட்டுது?"

அக்கரையார் மைக்கை இறக்கினார். வரிசையில் அப்பாவோடு பேச நின்றிருந்த ஒரு லாரி டிரைவர், "மேல போற படி எங்க இருக்கு?" என்று கேட்டார். பேனருக்குப் பின்னால் இருந்தது. ஏறினார். இறங்கி வரும்போது மூக்குறிஞ்சி அம்மாளும் கூட வந்தார், பிளாஸ்க்கோடு. பாத்ரூம் மிகவும் உயரத்தில் இருந்திருக்கிறது.

"குழாய்ல வாயை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார் டிரைவர். "போன வாரம் எங்கப்பா பேசறாருன்னு நான் அழுதேனே, அதுவும் நீதானா?"

"உங்கப்பா நல்லவருதான் தம்பி" என்றார் அம்மாள், பழக்க தோஷத்தில்.

அக்கரையார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடிந்த மதில் வழியாக இறங்கி ஓடினார். அந்தக் கோட்டை வரலாற்றில் அப்படித் தப்பியவர்களில் அவர் முதல் ஆள் அல்ல. கல் வாங்கியவர்கள் கல்லைத் திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடினார்கள். பேராசிரியர் 'அதிர்வலை' என்று ஆரம்பித்து, டிரைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அலையை அடக்கிக்கொண்டார். ஒருவர் மட்டும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்: "சால்வையை எடுங்க சார். எங்கம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்." சுவருக்குக் காது இருக்கலாம், வாயும் இருக்கலாம். மூளை எங்கே என்று தேட வேண்டிய இடம் சுவர் அல்ல.

மூக்குறிஞ்சி அம்மாளுக்கும் அதே பேருந்தில்தான் திரும்ப வேண்டியிருந்தது. கடைசி இருக்கையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். இந்தத் தடவை நிஜம். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

வண்டி மலை இறங்கியது. அத்தை நெஞ்சுக் கல்லை அவிழ்த்துக் கொஞ்சநேரம் கையில் உருட்டினார். ஜன்னலைத் திறந்து, சாலை ஓர ஜல்லிக் குவியல் வந்ததும் அதன்மேல் போட்டார். அது வீடு போய்ச் சேர்ந்தது.

"நாளைக்குக் காலையில டாக்டருக்குப் போன் போடுங்க மாப்பிள்ளை."

"சரி அத்தை."

"பையைப் பரண்லேருந்து எடுக்கணும். எனக்கு எட்டாது."

"எடுத்துத் தர்றேன்."

அத்தை ஜன்னலை மூடினார்.

"போன தடவை அந்தச் சுவரு என்கிட்ட சொல்லுச்சு. சாகறதுக்கு முன்னால அவ உங்ககிட்ட, 'அம்மாவைப் பார்த்துக்கங்க, அடுத்த ஜென்மத்துலயும் நீங்கதான்'னு சொன்னாளாம். நானும் நம்பிட்டேன்." அத்தை வெளியே பார்த்தபடியே கேட்டார். "நிஜமா என்ன சொன்னா? உங்களைக் கேட்டா ஒண்ணுமில்லைன்னே சொல்றீங்க."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். அவன் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி, "பால் நல்லா இருக்கா?" என்று கேட்டான். அவள் வாசலிலிருந்து பதில் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. தெருமுனையில் ஒரு வேன் அவள்மேல் மோதியது.

"பெருசா ஒண்ணுமில்ல அத்தை."

"பரவாயில்ல. அவ சொன்னதைச் சொல்லுங்க."

சொன்னான்.

"பாக்கெட்டுல போட்டிருக்கிற தேதியை நம்பாதடா. மோந்து பாத்துட்டு ஊத்து."