எருமை விழுங்கிய முன்கதை

கிள்ளான் பஸ் குலுங்கிக்கொண்டே கோலாலம்பூரை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி ஒரு சபதம் எடுத்தார். இந்தப் படத்தை என் வீட்டில் ஒருத்தரும் பார்க்கக் கூடாது. முக்கியமாக என் பெண்சாதி சீதாலெட்சுமி பார்க்கக் கூடாது. பார்த்தால் என் மானம் போய்விடும். நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் போன மானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர் இதுவரை எவரும் இல்லை.

சபதம் எடுத்தவரின் கையில் பாதி தின்ற கச்சான் கடலைப் பொட்டலமும் கண்ணில் ஈரமும் இருந்தன. பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் எதற்கு வம்பு என்று எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பதில், ‘ஒற்றைக் கடுக்கன்’ என்று ஒரு படம் வந்தது. அதன் நாயகன் வேலப்பனுக்கு வலது காதில் மட்டும் கடுக்கன். இடது காது மொட்டை. வில்லன் அவனை மூன்று தடவை கேட்பான், “இன்னொண்ணு எங்கடா?” மூன்று தடவையும் வேலப்பன் சிரிப்பான். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். பதில் கிடையாது.

அந்தச் சிரிப்பு செராஸ் முதல் கேரி தீவு வரை எல்லாரையும் ஆட்டிவைத்தது. வாலிபர்கள் ஒரு காதை மட்டும் குத்திக்கொண்டு போய் அப்பாவிடம் இன்னொரு காதில் அறை வாங்கினார்கள். இன்னொரு கடுக்கன் எங்கே? கோயிலிலும் பாசாரிலும் காப்பிக் கடையிலும் இதுதான் பேச்சு.

பதில் தெரிந்த ஒரே ஆள் பக்கிரிசாமி. ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. கையெழுத்து சுமார்தான், ஆனால் வாயெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் கதைப்படி, வேலப்பன் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணை அவள் அப்பா மலாயாவுக்குக் கப்பலேற்றிவிட்டார். நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் வேலப்பன் ஒரு கடுக்கனைக் கழற்றி அவள் கையில் வைத்து, “ஜோடி சேருற அன்னிக்கு நாம சேருவோம்” என்றான். ஆகவே அந்த இன்னொரு கடுக்கன் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. போர்ட் கிள்ளானில் இருக்கலாம். உங்கள் பாட்டி பெட்டியில்கூட இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

நிஜமாகவே போய்ப் பார்த்தவர்கள் உண்டு.

பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோதும் பக்கிரிசாமி இந்தக் கதையைத்தான் சொன்னார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சீதாலெட்சுமி சரி என்று தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு கடுக்கனுக்குக் கிடைத்தது என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார் மனிதர். காலையில் காப்பி சூடாக வருவதும் அதனால்தான் என்பது அவர் கணக்கு.

இப்போது, எண்பத்தெட்டில், அதே கம்பெனிக்காரன் ‘ஒற்றைக் கடுக்கன்: முன்கதை’ என்று ஒரு படத்தை எடுத்துத் தொலைத்துவிட்டான்.

புருஷனும் பெண்சாதியும் ஒப்பந்தம் போட்டார்கள். தனியாக யாரும் பார்க்கக் கூடாது. படம் தியேட்டரில் ஓடும்போதே கேசட் கடைக்கு வந்துவிடும் காலம் அது. சனிக்கிழமை மத்தியானம் கேசட் எடுத்து, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவானது.

சனிக்கிழமைவரை பொறுக்க முடியுமா? வியாழக்கிழமை வயிற்றுவலி என்று டாக்டரிடம் எம்.சி. வாங்கி ஆபீசுக்கு மட்டம் போட்டார் பக்கிரிசாமி. வீட்டில் ஆபீசுக்குப் போவதுபோலத் தலை சீவிக் கிளம்பி, கிள்ளானுக்கு பஸ் ஏறினார். பிரிக்பீல்ட்ஸ் முகம் ஒன்றுகூட இல்லாத ஊர் அது என்பது அவருடைய நம்பிக்கை.

படம் ஆரம்பித்தது. பழைய வேலப்பனைவிட இளைய வேலப்பனாக அதே நடிகர் வந்தார். ஒன்பது வயது கூடி, தொப்பையும் போட்டு, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு இளைஞனாக ஓடினார். அவர் ஓடினால் தொப்பை ஒரு பக்கமும் டோப்பா ஒரு பக்கமும் ஓடின. மலை உச்சியிலிருந்து விழுந்தார். ஒருத்தரும் பதறவில்லை. முதல் படத்தில்தான் முழுசாக வருகிறாரே, இதில் எப்படிச் சாவார்? வேலப்பன் ஏன் பால் ஊற்றாத காப்பி குடிக்கிறான் என்பதற்கு ஒரு காட்சி. ஏன் சீட்டியடிக்கிறான் என்பதற்கு ஒரு காட்சி. ஏன் சிவப்புத் துண்டு போடுகிறான் என்பதற்கு ஒரு பாட்டே இருந்தது. காரணம் கேட்டவன் எவன்?

சரியாக இடைவேளைக்கு முன்னால், வேலப்பன் ஆற்றில் குளிக்க இறங்கினான். இடது காதுக் கடுக்கனைக் கழற்றி வைக்கோல்மேல் வைத்தான். ஒரு எருமை வந்தது. வைக்கோலைத் தின்றது. கடுக்கனையும் தின்றது.

அவ்வளவுதான்.

கப்பல் இல்லை. துறைமுகம் இல்லை. மலாயா இல்லை. எருமை ஒன்றுதான் இருந்தது. அது அசைபோட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்தது. பக்கிரிசாமியைத்தான் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது சீதாலெட்சுமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னங்க, கண்ணு செவந்திருக்கு?”

“ஆபீஸ்ல பழைய பைலெல்லாம் எடுத்தோம். ஒரே தூசி.”

“பாவம், ரொம்ப வேலை போல,” என்று அவள் காப்பி கொண்டுவந்தாள். சூடாகத்தான் இருந்தது. அதைக் குடிக்கும்போதுதான் அவருக்கு வயிறு நிஜமாகவே வலித்தது. எருமை விஷயம் தெரிந்தால் இந்தச் சூடு இருக்குமா?

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பக்கத்து வீட்டு மார்க்கிரட் ஆன்டி ஒரு தட்டு கட்லட்டோடு வந்தார். பின்வீட்டு ரமணி வடையோடு வந்தாள். கேசட் டிவிமேல் தயாராக இருந்தது. சீதாலெட்சுமி பாய் விரித்தாள். சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த பேனும் அப்போதுதான் சோர்ந்துபோய் நின்றது.

“ஏங்க, கரண்ட் போயிடுச்சு.”

“அலமாக்! போயிடுச்சா?” என்றார் பக்கிரிசாமி. அவர் கைலி மடிப்பில் பியூஸ் கட்டை ஒன்று இடுப்பை உறுத்திக்கொண்டிருந்தது. “ரோடு முழுக்கப் போயிருக்கும்லா. சாயந்தரம்தான் வரும்.”

அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டு ரேடியோ பாடியது.

“ரோடு முழுக்கப் போனா ரமணி வீட்டு ரேடியோ எப்படிப் பாடுது?”

“பேட்டரி ரேடியோவா இருக்கும்.”

“இல்லண்ணே, கரண்ட் ரேடியோதான்,” என்றாள் ரமணி. “பேனும் ஓடுது. பேனுக்குப் பேட்டரி போடலாமாண்ணே?”

மார்க்கிரட் ஆன்டி எழுந்தார். “அப்ப எங்கட வீட்டுக்குப் போவம் தம்பி. டிவி இருக்குத்தானே. உங்கட வீடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாரும்.”

“ஐயோ, தூக்கக் கூடாது ஆன்டி! சூட்டோட தூக்குனா உள்ள இருக்கிற ஹெட் நகந்துடும்.”

“காலையிலேர்ந்து போடவே இல்லையே, ஏது சூடு?” என்றாள் சீதாலெட்சுமி.

“வெயில் சூடு.”

“பெட்டி வீட்டுக்குள்ளதானே இருக்கு?”

“வெயில் ஜன்னல் வழியா வரும்ல!”

மூன்று பெண்களும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே மழை இருட்டிக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி பாய்ந்துபோய் கேசட்டை எடுத்தார். மூடியைத் திறந்து ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“பூஞ்சை!”

“எங்க?”

“உள்ள. வெள்ளை வெள்ளையா. இதைப் போட்டா பெட்டியே செத்துடும் சீதா. அப்புறம் தீபாவளிக்குப் படம் கிடையாது.”

“அப்ப கடையில மாத்திட்டு வாங்க.”

“வேற காப்பி இல்லேங்கிறான்.”

“நீங்க இன்னும் போய்க் கேக்கவே இல்லையே?”

“கேட்டா அப்படித்தான் சொல்லுவான்!”

சீதாலெட்சுமி பெருமூச்சு விட்டாள். “சரி, அப்ப கட்லட்டைத் தின்னுட்டு எல்லாரும் கலைய வேண்டியதுதான். கடுக்கன் என்னாச்சுன்னு தெரியாமலே போகட்டும். அடுத்த சனிக்கிழமை எங்க அண்ணன் வீட்ல போய்ப் பாத்துக்கிறேன்.”

அண்ணன் வீடு ஸ்ரீ கெம்பாங்கானில். அங்கே பியூஸ் பிடுங்க பக்கிரிசாமிக்கு உரிமை கிடையாது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“எதுக்கு அவ்வளவு தூரம்? ஆபீஸ்ல அய்யாவு படத்தைப் பாத்துட்டான். ஒரு காட்சி விடாம எங்கிட்ட சொல்லிட்டான். நானே சொல்றேன், கேளுங்க.”

“கடுக்கன்?” என்றாள் ரமணி.

“எல்லாம் வருதுலா. உக்காருங்க.”

சொன்னார் பாருங்கள், அதற்குப் பெயர்தான் படம். தொப்பை இல்லாத வேலப்பன் வந்தான். டோப்பா இல்லாமல் தலைமுடி காற்றில் பறந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் சங்கு ஊதியது. பக்கிரிசாமி கன்னம் உப்ப அதை ஊதியபோது மார்க்கிரட் ஆன்டி வாயில் வைத்த கட்லட்டை வெளியே எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பாவாக மீசையை முறுக்கினார், பெண்ணாகத் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலப்பன் கப்பல்மேல் தொற்ற, மாலுமிகள் கத்த, காதிலிருந்து கடுக்கனைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டுக் கடலில் குதித்தான். குதிப்பதற்காகப் பக்கிரிசாமி நாற்காலிமேல் ஏறியிருந்தார். கீழே பாய்மேல் வந்து விழுந்தபோது வடைத் தட்டு நூலிழையில் தப்பியது.

“கடைசிக் காட்சி,” என்றார் மூச்சுவாங்க. “போர்ட் கிள்ளான். ஒரு பொண்ணு கரையில இறங்குறா. கையை விரிக்கிறா. உள்ளங்கையில கடுக்கன். வணக்கம்!”

ரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள். மார்க்கிரட் ஆன்டி மூக்கை உறிஞ்சினார். சீதாலெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று பக்கிரிசாமி நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய வேகத்தில் கைலி மடிப்பு தளர்ந்து பியூஸ் கட்டை தரையில் டங்கென்று விழுந்தது.

சீதாலெட்சுமி அதை எடுத்துத் துடைத்தாள்.

“நல்லாருந்துச்சுங்க,” என்றாள். “எருமையை விட்டுட்டீங்களே.”

“எ… எந்த எருமை?”

“வைக்கோல் தின்ன எருமை.”

பக்கிரிசாமிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. “நீ… யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. வியாழக்கிழமை நாங்க மூணு பேரும் போய்ப் பாத்தோம். கிள்ளான்ல.”

“கிள்ளானா! ஏன் கிள்ளான்?”

“பிரிக்பீல்ட்ஸ் ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான். உங்களுக்குக் குடுத்த வாக்கு கெட்டுடுமே. நீங்க பஸ்ல வந்தீங்க. நாங்க ரயில்ல.”

“தம்பி கீழ இருந்தவர், நாங்கள் மேல பால்கனியில,” என்று மார்க்கிரட் ஆன்டி விளக்கமாகச் சொன்னார்.

பக்கிரிசாமி பாய்மேல் மெதுவாக உட்கார்ந்தார். மரியாதைக்காகக்கூட யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

“பாத்துட்டுத் திரும்பி வரும்போது ரயில்ல ஒருத்தருக்கொருத்தர் பேசவே இல்லைண்ணே,” என்றாள் ரமணி. “வேலப்பன் அதை அம்மனுக்கு மூக்குத்தி செய்யக் குடுத்தான்னு நான் வச்சிருந்தேன். ஆன்டி, போலீஸ் சுட்டு ஒரு கடுக்கன் பறந்துடுச்சுன்னு வச்சிருந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு பத்திரமா வச்சிருந்தோம். எல்லாத்தையும் ஒரே வாயில அந்த எருமை தின்னுடுச்சு.”

“அந்தச் சிரிப்பை அப்படியே விட்டிருக்கலாம்,” என்றாள் சீதாலெட்சுமி. “அவன் சிரிச்சான், நாம கதை கட்டினோம். இப்ப அவனே பேசிட்டான், நமக்கு என்ன வேலை?”

பக்கிரிசாமி தலையைத் தூக்கினார். ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். “சீதா, நீ என் கப்பல் கதையை நம்பித்தானே இருந்தே? அன்னிக்கு… பொண்ணு பாக்க வந்தப்போ?”

“நான் வேற ஒண்ணு வச்சிருந்தேன். சின்ன வயசுல ஒரு காது குத்தினதுமே வேலப்பன் ஊரைக் கூட்டி அழுதுட்டான். போதும்னு அவங்க அம்மா தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“பின்ன ஏன் தலையாட்டினே?”

“இவ்வளவு அழகா பொய் சொல்ற ஆளு, வீட்ல சும்மா உக்காந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க மாட்டாருன்னு நெனச்சேன்.” அவள் அவர் கையில் ஒரு வடையை வைத்தாள். “அதனாலதான் இன்னிக்கும் பேசாம இருந்தோம். பியூஸ் பிடுங்குனா பிடுங்கட்டும், பூஞ்சை பிடிச்சா பிடிக்கட்டும், கடைசியில கதை சொல்லாம இருக்க மாட்டாருன்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன்.”

வடை நன்றாக இருந்தது. காப்பியும் வந்தது, சூடாகவே. பக்கிரிசாமிக்கு உயிர் திரும்பியது. போன மானத்தில் கால்வாசியாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையும் கூடவே வந்தது. ரசிகனுக்கு ரசிகன் என்ற முறையில், கம்பீரமாகக் கேட்டார்.

“சரி, அதை விடு. இடைவேளைக்கு அப்புறம் படம் எப்படி? எனக்கு அவ்வளவாப் பிடிக்கல. உங்களுக்கு?”

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“தெரியலைங்க,” என்றாள் சீதாலெட்சுமி. “நீங்க சீட்டுமேல ஏறி நின்னு, ‘டேய், கப்பல் எங்கடா’ன்னு கத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நாங்க படத்தையே பாக்கல, உங்களைத்தான் பாத்தோம்.”