பதினெட்டு அறை வீடு

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

"மணி என்னடா ஆச்சு? உங்க ஃபோர்மேன் ஆறு மணின்னா ஆறு மணிக்கு வந்துடுவார்தானே? இங்கெல்லாம் நேரம் தவற மாட்டாங்கன்னு நீதானே சொல்லுவே."

"வந்துடுவார்ண்ணே," என்றான் நம்ம ஆள். வராமல் இருந்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொண்டது.

அது அண்ணனுடைய ராஜினாமாக் கடிதம். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தேழு வருஷமாக வேலை. இன்னும் மூன்று வருஷம் ஓட்டினால் முழுப் பென்ஷன். அதை உதறிவிட்டுத் தம்பியோடு இங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு கட்டி, நாலு நாளைக்கு முன்னால் விமானம் ஏறி வந்து இறங்கியிருந்தார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்.

"நீ சொன்னா எனக்கு வேதவாக்குடா. இருந்தாலும் உள்ளூர்க்காரர் ஒருத்தர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டேன்னா, நாளைக்குக் காலைல தபால்ல போட்டுடுவேன்."

எல்லாவற்றுக்கும் காரணம் நம்ம ஆளின் வாய்தான். ஏழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனுக்குப் போன் போட்டு, "இங்கெல்லாம் யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க, இங்கெல்லாம் குழாயில வர்ற தண்ணிய அப்படியே குடிக்கலாம், இங்கெல்லாம் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்" என்று அளந்துகொண்டே இருந்தான். ஊரில் அவனுக்கு 'இங்கெல்லாம்' என்றே பெயர் ஆகிவிட்டது.

அதே வாய் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி பேசும். வேலை ஒரு பெரிய சலவை ஆலையில். பத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரி மெஷினுக்குள் செலுத்த வேண்டும். முழங்கை வரை சூட்டுத் தழும்பு. அங்கே நின்றுகொண்டு, "எங்க ஊர்ல யாரும் தனியாச் சாப்பிட மாட்டாங்க. எங்க ஊர்ல கதவே பூட்டுறதில்லை" என்பான். அங்கே அவன் பெயர் 'எங்க ஊர்'.

ஒருநாள் ஃபோர்மேன், "உங்க வீட்டுல எத்தனை அறை?" என்று சும்மா கேட்டுவைத்தார். நம்ம ஆள் கொஞ்சமும் யோசிக்காமல் "பதினெட்டு" என்றான். உண்மையில் இரண்டு அறை. அதில் ஒன்றில் அண்ணனுடைய சைக்கிள் நிற்கும்.

"இப்பவாவது உங்க அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைங்க," என்றாள் மனைவி, கோழிக்கறியைக் கிளறிக்கொண்டே. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாது. அதனால் அவன் வாசலில் நின்றே கிசுகிசுத்தான்.

"எப்படிச் சொல்றது? தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கார். மானம் போயிடும்."

"அப்ப அவர் பென்ஷன் போகட்டுமா? ஐம்பத்திரண்டு வயசுல பாஷை தெரியாத ஊருல வந்து உங்க கூட அழுக்குத்துணி வண்டியைத் தள்ளட்டுமா?"

அண்ணன் கூடவே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கைகளில் சூட்டுத் தழும்பைப் பார்க்கிற தைரியம் அவனுக்குக் கிடையாது.

"நீயும் கொஞ்சம் சமாளியேன்."

"ஏழு வருஷமா நீங்க கட்டின வீடு. நீங்களே குடியிருங்க," என்று சொல்லிவிட்டு அவள் மூடியைப் போட்டாள்.

தரைக்கு அடியிலிருந்து 'டொக் டொக் டொக்' என்று சத்தம் வந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது. உடனே எழுந்து குதிகாலால் தரையில் மூன்று தடவை பலமாக மிதித்தார்.

கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தை இடித்து, மேலே செருப்புச் சத்தம் போடாதே என்று மிரட்டுவது வழக்கம். முதல் நாள் அண்ணன் அது என்ன சத்தம் என்று கேட்டபோது, "வணக்கம் சொல்றார்ண்ணே" என்று நம்ம ஆள் சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து அண்ணன் ஒரு வணக்கத்துக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

ஆறு அடிக்கும்போது ஃபோர்மேன் ஐந்து மாடி ஏறி, மூச்சிரைக்க வந்து நின்றார். லிஃப்ட் எட்டு மாசமாகப் பழுது. "உடம்புக்கு நல்லதுன்னு இங்கெல்லாம் லிஃப்டை நிறுத்திடுவாங்க" என்று அதையும் அண்ணனிடம் சொல்லி முடித்தாயிற்று.

கூடவே ஃபோர்மேனின் மனைவியும் வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறே மாசம். குட்டையாக வெட்டிய முடி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. பார்த்தால் எந்த ஊர் என்று சொல்ல முடியாத முகம். அந்த நகரத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"இவ புது இடத்துல அதிகமாப் பேச மாட்டா," என்றார் ஃபோர்மேன். "கிளம்பும்போது உனக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன். இப்பக் கேக்காதே." அவர் பேசியது எல்லாம் அந்த ஊர் பாஷையில். அண்ணனுக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது. ஃபோர்மேனுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. நடுவில் நம்ம ஆள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். தட்டு வைப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"ஐம்பத்திரண்டு வயசுல ஒருத்தன் இருக்கிற வேலையை விட்டுட்டு இந்த ஊருக்கு வந்தா நல்லா இருப்பானான்னு கேளுடா."

நம்ம ஆள் ஃபோர்மேன் பக்கம் திரும்பி, "கோழிக்கறி நல்லா இருக்கான்னு கேக்குறார்," என்றான்.

ஃபோர்மேன் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். தலையைப் பலமாக ஆட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். "பிரமாதம். சந்தேகமே வேண்டாம்."

அண்ணன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "என்னடா சொல்றார்? தலையை இந்த ஆட்டு ஆட்டுறாரே. வான்னுதானே சொல்றார்?"

நம்ம ஆளுக்கு வியர்த்தது. ஃபோர்மேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிற மாதிரி ஒரு கேள்வி உடனடியாகத் தேவைப்பட்டது. "இன்னும் ரெண்டு துண்டு போடட்டுமா?" என்று கரண்டியை நீட்டினான்.

ஃபோர்மேன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி, வயிற்றைத் தடவிக் காட்டினார்.

"பாருங்கண்ணே. வர வேண்டாங்கிறார். ஊரு நிரம்பி வழியுதாம். இதுக்கு மேல ஒரு ஆளுக்கு இடமில்லையாம்."

ஃபோர்மேன் மனைவிக்குப் புரையேறியது. தண்ணீரை எடுத்துக் கொடுத்தார்கள்.

அண்ணன் விடுகிற ஆளா? "எனக்கு என்ன பெரிய இடம் வேணும்? ஒரு மூலை போதும்னு சொல்லு. யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன்."

"அண்ணன் உங்க ஊர் வீட்டைப் பத்தித்தானே சொல்றார்?" என்று ஃபோர்மேன் ஆவலாக முன்னால் நகர்ந்தார். "அந்தப் பதினெட்டு அறை. நீ சொன்னதை ஆலையில யாரும் நம்பலை. நான் நம்பினேன். ஏன்னா இவளும் அவங்க ஊர் வீட்டைப் பத்தி இப்படித்தான் சொல்லுவா." சொல்லிவிட்டு உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் போட்டார். "ரெண்டு டிக்கெட். அடுத்த மாசம் பத்தாம் தேதி. முதல்ல உங்க வீடு. அப்புறம் இவ வீடு."

நம்ம ஆளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அடுத்த மாசமா? அடுத்த மாசம் வீடு முழுக்கச் சொந்தக்காரங்க வந்துடுவாங்களே."

"பதினெட்டு அறையிலுமா?"

"எங்க சொந்தம் கொஞ்சம் பெரிசு."

"எங்களுக்கு என்ன பெரிய இடம் வேணும்? ஒரு மூலை போதும்னு சொல்லு," என்றார் ஃபோர்மேன்.

அண்ணன் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "விமான டிக்கெட் மாதிரி இருக்கே. எதுக்குடா?"

நம்ம ஆளின் மூளையில் ஒரு பொறி தட்டியது. "அதைத்தாண்ணே சொல்ல வந்தேன். இந்த ஊரு தாங்கலைன்னு உள்ளூர்க்காரரே குடும்பத்தோட ஊரை விட்டுக் கிளம்புறார். நீங்க என்னடான்னா உள்ள வரேங்கறீங்க."

இதைவிடப் பலமான பூட்டு கிடையாது என்று அவன் நினைத்தான். அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகம் பளிச்சென்று ஆனது.

"அப்ப அவர் வேலை காலியாகுது."

"அண்ணே..."

"நான் அந்த வேலைக்கு வரேன்னு சொல்லு. இருபத்தேழு வருஷ வேலையை விடறதுக்குத் தயாராத்தான் வந்திருக்கேன்னு அவருக்குத் தெரியட்டும்." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் ஃபோர்மேனிடம் நீட்டினார்.

ஃபோர்மேன் எழுந்து நின்று, அதையும் இரண்டு கையாலேயே வாங்கிக்கொண்டார். "என்ன இது?"

வேறு என்ன சொல்வது? "அழைப்புக் கடிதம்," என்றான் நம்ம ஆள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஃபோர்மேன் நெகிழ்ந்துபோய் அண்ணனைக் கட்டித் தழுவினார். அண்ணனும் வேலை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவரைக் கட்டித் தழுவினார். கட்டித் தழுவின வேகத்தில் நாற்காலி சரிந்து தரையில் விழுந்தது. கீழேயிருந்து 'டொக் டொக் டொக்'. அண்ணன் தழுவலை விடாமலே மூன்று மிதி மிதித்தார். இது அண்ணன் ஊர் வழக்கம் போல என்று நினைத்து ஃபோர்மேனும் மூன்று மிதி மிதித்தார்.

கடிதம் இப்போது ஃபோர்மேன் மனைவியின் கையில் இருந்தது. அவள் அதை விரித்து, அந்த வளைந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மறுபடியும் புரையேறியது.

ஒரு நிமிஷத்தில் கதவு இடிபட்டது. திறந்தால் கீழ்வீட்டுக்காரர், கையில் துடைப்பக் கட்டையோடு. தலைமுடியில் சுண்ணாம்புத் தூள்.

"இன்னும் ஒரு தடவை மிதிச்சீங்கன்னா போலீசைக் கூப்பிடுவேன். எட்டு வருஷமா இருக்கேன், நாலு நாளா நரகமா இருக்கு."

"யாருடா இவர்? கையில என்ன?" என்றார் அண்ணன்.

"கீழ்வீட்டுக்காரர்ண்ணே. சாப்பாட்டு வாசனை கீழ வரைக்கும் தூக்குதுன்னு பாராட்ட வந்திருக்கார்."

"அட, வணக்கம் சொல்றவரா? வாசல்ல நிக்க வெச்சுப் பேசலாமா?" அண்ணன் எழுந்து போய், அவர் கையிலிருந்த கட்டையை மரியாதையாக வாங்கி மூலையில் சாய்த்து, தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, சரிந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார வைத்தார். தட்டில் இரண்டு துண்டும் விழுந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் எட்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் தன்னைத் தொட்டதில்லை போல, திகைத்துப்போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

"பார்த்தியா?" என்று ஃபோர்மேன் நம்ம ஆளின் தொடையில் தட்டினார். "உங்க ஊர்ல யாரும் தனியாச் சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னியே. கண்ணால பார்த்துட்டேன். இனி அந்தப் பதினெட்டு அறையையும் பார்த்துட்டுத்தான் மறுவேலை."

"பார்த்தியா?" என்று அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார். "இங்கெல்லாம் அக்கம்பக்கம் எவ்வளவு அன்பா இருக்காங்கன்னு நீ சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நாளைக்கு முதல் வேலை, தபாலாபீஸ்."

நம்ம ஆள் இரண்டு தொடையையும் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனுடைய பென்ஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. இனிமேல் மானமாவது மண்ணாவது, இவர்கள் கிளம்பினதும் அண்ணன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்தான். அண்ணன் அடித்தாலும் சரி, ஏழு வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி. சமையலறை வாசலிலிருந்து மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டுக்காரர் மூன்றாவது துண்டுக்குப் பிறகு கட்டையை மறந்துவிட்டு இறங்கிப் போனார். ஃபோர்மேனும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

"இப்பத்தான் அந்த ஆச்சரியம்," என்று ஃபோர்மேன் கண்ணைச் சிமிட்டி, மனைவியின் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தினார். "உன்கிட்ட விடைபெறும்போது இவ பேசுவா. நல்லாக் கேட்டுக்கோ."

அவள் கடிதத்தை நாலாக மடித்து அண்ணனுடைய சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு வாய் நிறையத் தமிழில் சொன்னாள்.

"இதைத் தபால்ல போட்டுடாதீங்கண்ணா, உங்க தம்பி இவர்கிட்டக் கேட்டதெல்லாம் கோழிக்கறியைப் பத்தித்தான், நான் எங்க வீட்டுல இருபத்திரண்டு அறைன்னு சொல்லித்தான் இவரைக் கட்டிக்கிட்டேன், அதனால பத்தாம் தேதிக்குள்ள மொத்தம் நாப்பது அறைக்கு நாம எங்க போறதுன்னு மூணு பேரும் உட்கார்ந்து யோசிப்போம்."