கேக் வெட்டுமுன் ஊசி போட்ட இரத்தினசிங்கப் படலம்

வாழி இரத்தினசிங்கம்! சிட்னியின் ஹோம்புஷ் மாநகரத்து அடுக்குமாடியின் மூன்றாந் தளத்து அதிபதி வாழி! பரமட்டா அலுவலகப் பாசறையில் ஆண்டாண்டுகளாய்க் கணினித் திரை காத்த கண்துஞ்சாக் காவலன், இன்று முதல் அரைத் தட்டுச் சோறே உண்பேன் எனக் காலையில் சூளுரைத்து மதியத்தில் அதனை மறந்தருளும் மறதிச் செம்மல், பட்டு வேட்டி பளபளக்கப் பொன்னிறச் சட்டைப் பையில் இன்சுலின் பேனை என்னும் ஒற்றைக் கணை தாங்கிய வில்லிலா வீரன் வாழி, வாழி! கலைமகளே, இப்பெருங்கதை பாடப் புகுந்த எமக்குச் சொல் தருக. சர்க்கரை தரவேண்டாம், எமக்கும் அந்த நீரிழிவு வருத்தம் உண்டு.

அப்பேனை அவர் கைக்கு வந்த வரலாறு கேளீர். நெடுங்காலம் அதை ஆண்டவர் அவர் மனையரசி யோகராணியே. அவர் அளவு திருப்புவார், அவரே குத்துவார்; நம் தலைவனோ சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரையை நோக்கி நிற்பார். இந்த அடிமை வாழ்வு கண்டு பொறாத நீரிழிவுத் தாதி தர்சினி, "அங்கிள், இது உங்கடை உடம்பு. நீங்கள்தான் பாக்கவேணும்" என்று கிளினிக்கில் கிழமைதோறும் இருத்திவைத்து, ஊசி மாற்றவும் அளவு வைக்கவும் குத்திய பின் பத்து எண்ணவும் பயிற்றினார். ஒருநாள் நம் தலைவன் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டு கண் திறந்தபோது, முடிசூடிய மன்னர்க்கும் அத்தகைய களிப்பு வாய்த்திருக்காது. யோகராணி நிபந்தனை ஒன்றே விதித்தார்: "சரி, நீங்களே போடுங்கோ. ஆனா ஒருக்காப் பிழைச்சாலும் பேனை திரும்ப என்ரை கைக்கு வந்திடும்." ஆகவே அப்பேனை வெறும் பேனையன்று, அவருடைய முழுச் சுதந்திரமும் அதற்குள்தான் இருந்தது.

இனிக் களம் புகுவோம். நண்பர் சிறிதரன் தம் மகள் நிரூபாவின் இருபத்தோராவது பிறந்தநாளை ஒரு மண்டபத்தில் கொண்டாடிய சனிக்கிழமை நண்பகல் அது. சுவரோரம் வெள்ளிநிற மூடி கவிந்த தட்டங்கள் அணிவகுத்து நின்றன. ஆட்டிறைச்சிக் கறியின் மணம் மூடிக்குள் அடங்காது எழுந்து மண்டபமெங்கும் வீதியுலா வந்தது. அவ்வேளை சிறிதரன் ஒலிவாங்கியைப் பற்றி, "எல்லாரும் ஆயத்தமாகுங்கோ! இன்னும் ரெண்டு நிமிசத்திலை சாப்பாடு!" என்று முழங்கினார். அந்தோ! சிட்னித் தமிழர் மண்டபங்களில் இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளமென்று இரத்தினசிங்கத்துக்குத் தெரியாதா? எத்தனை கலியாணங்களில் பசித்திருந்து பழுத்த வயிறு அது! ஆயினும் அன்று நம்பினார். "தட்டு முன்னுக்கு வந்தாப்பிறகு குத்துங்கோ" என்ற தர்சினியின் திருவாய்மொழி நினைவில் எழுந்தது. முன்னே தட்டம்தான் இருக்கிறதே என்று அதற்கு உரை எழுதிக்கொண்டு, திரைச்சீலையின் பின்னே சென்று, அளவு வைத்து, குத்தி, பத்து எண்ணி, வெற்றிக் களிப்போடு மீண்டுவந்து கதிரையில் அமர்ந்தார்.

அமர்ந்ததும் சிறிதரனின் ஒலிவாங்கியிலிருந்து இடி விழுந்தது. "அதுக்கு முதல், மெல்பேண் வெரிபீயிலை இருந்து வந்திருக்கிற பெரியப்பா ரெண்டு வார்த்தை பேசுவார்!"

பெரியப்பா பேசினார். மெல்பேணிலிருந்து விமானமேறி வந்தவர் இரண்டே வார்த்தையோடு திரும்புவாரா? பிள்ளையின் பிறப்பில் தொடங்கினார், அதற்கு முன்னே அவள் தகப்பனின் பிறப்புக்குப் போனார், அதற்கும் முன்னே போகத் தமக்கு நேரமிருப்பதாக அறிவித்தார். பேச்சுப் பெருகப் பெருக, சோற்றை எதிர்கொள்ளப் புறப்பட்ட இன்சுலின் சேனை இரத்தினசிங்கத்தின் குருதி வீதியெங்கும் சோற்றைத் தேடியலைந்து, காணாமையாற் கடுஞ்சினங்கொண்டு, இருந்த கொஞ்சநஞ்சச் சீனியையும் சூறையாடத் தொடங்கிற்று. குளிரூட்டிக்கு நேர் கீழே இருந்தும் வியர்த்தது. விரல்கள் நடுங்கின. பசியோ கதிரையின் காலைக் கடிக்கலாமா என்று எண்ண வைத்தது.

அஞ்சேல் என்று சட்டைப் பைக்குள் கைவிட்டார். இத்தகைய ஆபத்துக்கென்றே தர்சினி சுமக்கச் சொன்ன ஜெல்லிபீன்ஸ் இனிப்புப் பக்கெற் அங்கே இருந்தது. ஆனால் வெறுமையாய் இருந்தது! வரும் வழியில் பரமட்டா வீதியின் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், பச்சை நிறத்தில் ஒன்று, மஞ்சள் நிறத்தில் ஒன்று, சும்மா ஒன்று எனத் தின்று தீர்த்தவர் வேறு யாருமல்லர், நம் தலைவனேதான்.

முதற் படையெடுப்பு பானமேசை மீது நிகழ்ந்தது. குளிர்பானத் தகரப் பேணிகள் கோட்டை போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றின்மேல் சிறிதரனின் பேரன்பு எழுத்தாய் மலர்ந்திருந்தது: "ஒன்றிலும் சீனி இல்லை. பயமில்லாமல் குடியுங்கோ."

இரண்டாவது படையெடுப்பு உணவுத் தட்டங்கள் மீது. அங்கே அகப்பை ஏந்திய காவல் தெய்வமாய் நின்றார் நாகேஸ்வரி அன்ரி. "அண்ணை, இன்னும் கேக் வெட்டேல்லை. பொறுங்கோ." சீனி இறங்குகிறது என்று ஒரு சொல் சொன்னால் மூடி திறக்கும், ஆனால் அச்சொல் முன்வரிசையிலிருந்த யோகராணியின் காதை, சோறு தலைவனின் வாயை அடையுமுன்னே அடைந்துவிடும். பேனை போய்விடும். "சும்மா பாக்க வந்தனான்" என்று பல்லைக் காட்டிப் பின்வாங்கினார்.

மூன்றாவது இலக்கு மேடைமேல் இருந்தது: மூன்று மாடிக் கேக், உச்சியில் ரோசாப்பூ வடிவில் சீனிப்பூச்சு. படியேறினார். மண்டபம் ஒருமுறை மெல்லச் சுழன்றது, ரோசாப்பூ இரண்டாயிற்று, எதைக் கிள்ளுவதென்று தெரியாமல் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அப்போது அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. பேனை போனால் போகட்டும் என்று திரும்பி, வெரிபீப் பெரியப்பாவின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்து, எண்டிசையும் அதிரப் பறைசாற்றினார்:

"எனக்குச் சீனி இறங்குது! ஆரிட்டையாவது இனிப்பு இருக்கோ?"

மறுகணம் மண்டபமெங்கும் கைப்பைகளின் சிப்புகள் சர்ர்ரென்று திறந்த ஓசை எழுந்தது! மேசைதோறும் கைகள் உயர்ந்தன. ஜெல்லிபீன்ஸ் வந்தது, குளுக்கோஸ் வில்லை வந்தது, தொபி வந்தது, ஆரோ பேரப்பிள்ளையின் பழச்சாறு உறிஞ்சுகுழாயோடு வந்தது. வானோர் பூமாரி பொழிவர் என்பர். சிட்னி மாந்தர் ஜெல்லிபீன்ஸ் மாரி பொழிந்தனர். "நானும் குத்திப்போட்டுத்தான் இருக்கிறன்!" என்றது ஒரு குரல். "ரெண்டு நிமிசம் எண்டதை நம்பி நானும்!" என்றது இன்னொன்று. முன்வரிசையில் பாதிப்பேர் பெரியப்பாவின் பேச்சு முழுவதும் தலைகுனிந்து இரகசியமாய் மென்றுகொண்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. பெரியப்பாவே கையை நீட்டி, "எனக்கும் ரெண்டு தாங்கோ" என்றார். நாகேஸ்வரி அன்ரி அகப்பையால் மூடியில் ஓங்கித் தட்டி, "கேக் கிடக்கட்டும், எல்லாரும் வாங்கோ!" என்று ஆணையிட்டார்.

மென்று, விழுங்கி, நடுக்கம் தணிந்து, கதிரையில் சாய்ந்திருந்த தலைவனின் முன்னே யோகராணி வந்து நின்றார். தோற்ற வேந்தன் உடைவாளை ஒப்புவிப்பதுபோல் பேனையை இரு கையாலும் ஏந்தி நீட்டினார் இரத்தினசிங்கம். யோகராணி அதை வாங்கவில்லை. சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தார்.

"இஞ்சாருங்கோ, ஒளிச்சு வைச்சு விழுந்திருந்தா நான் பறிச்சிருப்பன். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை வாயைத் திறந்து கேட்டியள். உங்களிட்டையே இருக்கட்டும்."

அக்கணம் சங்கம் ஆர்த்தனவோ, முரசம் அதிர்ந்தனவோ, எண்டிசை யானைகளும் துதிக்கை தூக்கித் தலைவனை வாழ்த்தினவோ, வெற்றித் திருமகள் மண்டபத்து மின்விசிறியினின்று இறங்கி அவர் பட்டு வேட்டியின் கரையில் வீற்றிருந்தனளோ, யாம் அறியோம்.

வீட்டுக்குப் போகிற வழியில் யோகராணி காரை நிற்பாட்ட, இரத்தினசிங்கம் தாமே மருந்துக்கடையில் இறங்கித் தம் பேனைக்கு ஒரு பெட்டி ஊசி வாங்கினார்.